மாடித் தோட்டம் முதல் மீஞ்சூர் வயல் வரை: பூஞ்சையை வைத்தே பூச்சியையும் நோயையும் அடக்குவது எப்படி?

வடசென்னையில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் எங்காவது ஒரு மூலையில் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ ஒரு பவுடர் பாக்கெட் கிடக்கும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளையோடு (கிட்) வந்த டிரைக்கோடெர்மா விரிடியாக இருக்கலாம், மாதவரம் பக்கம் செடி வாங்கப் போனபோது "இதையும் கலந்து அடிங்க, பூச்சி வராது" என்று கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த பிவேரியாவாகவும் இருக்கலாம். சிலர் அதை உரம் என்று நினைத்து மண்ணில் கொட்டிவிடுவார்கள். சிலர் மத்தியானம் 2 மணி வெயிலில் தண்ணீரில் கலக்கி அடித்துவிட்டு, மறுநாள் காலையில் மாவுப்பூச்சி அப்படியே இருப்பதைப் பார்த்து "எல்லாம் ஏமாத்து வேலை" என்று முடிவுகட்டி விடுவார்கள்.

அந்தப் பாக்கெட்டில் பெரும்பகுதி வெறும் டால்க் பவுடர்தான். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உயிருள்ள பூஞ்சை வித்துகள்தான் சரக்கு. அந்த வித்து செடிக்குப் போய்ச் சேரும்வரை சாகாமல் இருக்க வேண்டும், சேர்ந்த இடத்தில் முளைக்க ஈரம் வேண்டும், முளைத்து வேலை செய்ய நாள் வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த மூன்றுக்காகத்தான்.

யார் யார் என்ன வேலை செய்வார்கள்

டிரைக்கோடெர்மா மண்ணுக்கானது. விரிடி, ஹார்சியானம் என்று இரண்டு வகை நம் கடைகளில் கிடைக்கும், இரண்டுமே சரிதான். நாற்றழுகல், வேரழுகல், தண்டழுகல், வாடல் என்று மண்ணிலிருந்து வரும் பூஞ்சை நோய்களுக்கு இதுதான் ஆள். நோய்ப் பூஞ்சையின் நூலிழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரை நொதிகளால் கரைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். ஒரு பூஞ்சை இன்னொரு பூஞ்சையை இப்படித் தின்பதை 1932-லேயே வெயின்ட்லிங் என்ற ஆய்வாளர் விளக்கி எழுதிவிட்டார். இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு: வேரைச் சுற்றி முதலில் போய் இடம் பிடித்துக்கொள்ளும், பின்னால் வரும் நோய்ப் பூஞ்சைக்கு இடமும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. அதனால்தான் இதை நோய் வருவதற்கு முன்பே போட வேண்டும் என்று சொல்கிறார்கள். வாடிச் சாய்ந்த கத்தரிச் செடிக்கு அடியில் ஒரு கைப்பிடி கொட்டினால் அது எழுந்து நிற்காது.

பிவேரியா பேசியானா பூச்சிக்கானது. புழு, வெள்ளை ஈ, இலைப்பேன், வண்டு என்று பலவற்றைத் தாக்கும். இதன் கதை பட்டுப்புழுவில் ஆரம்பிக்கிறது. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து விறைத்துச் சாவது ஏன் என்று வருடக்கணக்கில் ஆராய்ந்த அகஸ்டினோ பாசி, அதற்குக் காரணம் ஒரு பூஞ்சைதான் என்று 1835-ல் நிரூபித்தார். பிவேரியா பேசியானாவில் வரும் 'பேசியானா' அவர் பெயர்தான். பட்டுக்காரர்களுக்கு எமனாக இருந்ததைத்தான் நாம் இன்று செடிக்குக் காவலாக வைக்கிறோம் (பட்டுப்புழு வளர்க்கும் ஊர்ப்பக்கம் இதை அடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்).

வெர்டிசீலியம் லெகானி, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு: அசுவினி, வெள்ளை ஈ, செதில் பூச்சி, மாவுப்பூச்சி. சில பாக்கெட்டுகளில் லெக்கானிசிலியம் லெகானி என்று இருக்கும், அதுவும் இதுவும் ஒன்றுதான். மாடித் தோட்டத்துக்கு ஒரே ஒரு பூச்சிப் பூஞ்சைதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் நம் செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெண்டையிலும் வரும் தொல்லையில் பெரும்பகுதி சாறு உறிஞ்சிகள்தான்.

மெட்டாரைசியம் அனிசோபிலியே மண்ணில் வாழும் பூச்சிகளுக்கு: வேர்ப்புழு, கரையான், தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. பேசிலோமைசிஸ் லிலாசினஸ் வேர் முடிச்சு நூற்புழுவின் முட்டைக்குள் புகுந்து அழிக்கும். பர்புரியோசிலியம் என்ற புதுப் பெயரிலும் இது விற்கிறது.

சூடோமோனஸும் பேசில்லஸ் சப்டிலிஸும் இதே அலமாரியில் இதே மாதிரிப் பாக்கெட்டில் இருக்கும். அவை பூஞ்சை கிடையாது, பாக்டீரியா. நல்ல சரக்குதான், ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் விதிகள் எல்லாம் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

படி 1: வாங்குவதற்கு முன்னால் செடியைப் பாருங்கள்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. இலை கறுத்திருக்கும். அது ஆலைப் புகையும் துறைமுகப் பக்கத்துத் தூசியும் படிந்த கறுப்பா, இல்லை கரும்பூசணமா? விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து வந்து, இலை வறண்டிருந்தால் தூசி. பிசுபிசு என்று ஒட்டினால் மேலே எங்கேயோ வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ அசுவினியோ உட்கார்ந்து தேன் மாதிரி கழிவை விட்டுக்கொண்டிருக்கிறது, அதன் மேல் கரும்பூசணம் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்புக்கு மருந்து தேட வேண்டாம், பூச்சியை அடக்கினால் கறுப்பு தானாகக் காய்ந்து உதிரும். தூசிதான் என்றாலும் அது இலையை மூடியிருக்கும்போது வித்து பூச்சியின் உடம்பில் படாது, ஆகவே தெளிப்பதற்கு முந்தின நாள் இலையின் இரண்டு பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

அடுத்து வாடல். தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிவிட்டால், தண்டை வேருக்குக் கொஞ்சம் மேலே வெட்டி, வெட்டிய முனையை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள். இழை எதுவும் வராமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பூஞ்சை வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு.

மிளகாய் இலை சுருண்டிருந்தால் மேல்நோக்கிக் குவிந்திருக்கிறதா, கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கிறதா பாருங்கள். மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன் வகை. இலை மஞ்சளாகிச் சிறுத்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ், அதற்கு எந்தப் பூஞ்சையும் உதவாது, பரப்பும் வெள்ளை ஈயைத்தான் அடக்க முடியும்.

இலை நுனி மட்டும் ஓரமாகக் கருகுகிறதா? தண்டையார்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர் வரைக்கும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது உங்களுக்கே தெரியும். அது உப்புக் கருகல். மருந்துக் கடைக்குப் போகும் முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

படி 2: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் பூச்சி படமும் "100% ஆர்கானிக்" என்பதும் பெரிதாக இருக்கும், அதை விட்டுத்தள்ளுங்கள். பின்பக்கம் நான்கு விஷயம் வேண்டும்: பூஞ்சையின் முழுப் பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிர் வித்து, தயாரித்த தேதி, மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண். டிரைக்கோடெர்மா விரிடி பவுடரில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம், பிவேரியா பவுடரில் 10 கோடி என்ற அளவில் இருக்க வேண்டும். வெறும் "உயிரியல் மருந்து" என்று மட்டும் போட்டு எந்தப் பூஞ்சை என்றே சொல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

தேதிதான் மிக முக்கியம். டால்க்கில் கலந்த வித்து மாதம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். பாக்கெட்டில் ஒரு வருடம் என்று அச்சடித்திருந்தாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் தீர்த்துவிடுவதுதான் நல்லது. கடையில் வெயில் அடிக்கும் ஷோகேஸில் வைத்திருந்தால், நேற்று தயாரித்தது என்றாலும் வேண்டாம். வீட்டில் நிழலான, காற்றோட்டமான, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். மொட்டை மாடி ஷெட்டில் வைத்தால் சித்திரை முடிவதற்குள் டால்க் மட்டும்தான் மிஞ்சும்.

உயிர் இருக்கிறதா என்று டிரைக்கோடெர்மாவை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். உப்பு போடாமல் வடித்து ஆறிய சோறு இரண்டு ஸ்பூன், சுடுதண்ணீரில் கழுவிய இரண்டு கண்ணாடி டம்ளர்களில் போடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை பவுடர் தூவி, இரண்டையும் பேப்பரால் மூடிக் கட்டி, சமையலறைக்கு வெளியே நிழலில் வையுங்கள். நான்கைந்து நாளில் பவுடர் போட்டதில் வெள்ளை நூல் படர்ந்து பச்சையாக மாறினால் உயிர் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி கறுப்பும் மஞ்சளும் பூத்திருந்தால் அது காற்றில் வந்த கண்ட பூஞ்சை. திறந்து முகர்ந்து பார்க்காமல், மூடியபடியே பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

சோற்றில் வளர்த்துக் காட்டி "ஒரு பாக்கெட் வாங்கினால் ஆயுசுக்கும் பெருக்கிக்கொள்ளலாம்" என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பிவேரியாவையும் வெர்டிசீலியத்தையும் வீட்டில் அப்படிப் பெருக்காதீர்கள். ஆய்வகத்தில் தானியத்தை அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, சுத்தமான அறையில் வைத்துச் செய்கிற வேலை அது. நம் வீட்டுச் சோற்றில் ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரியான பூஞ்சையும் சேர்ந்து வளரும், அது நுரையீரலுக்கு ஆகாது, சில வகை நச்சும் உண்டாக்கும். அரை கிலோ பாக்கெட்டின் விலையை மிச்சம் பிடிக்க இந்த வம்பு தேவையில்லை.

படி 3: டிரைக்கோடெர்மாவை எருவில் பெருக்குவது

வீட்டில் பெருக்கலாம் என்றால் இது ஒன்றைத்தான். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பவுடரை நேரடியாகத் தொட்டியில் போடுவதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு, ஏனென்றால் இங்கே பூஞ்சை ஏற்கெனவே முளைத்து, எருவில் பரவி, சாப்பாட்டோடு மண்ணுக்குள் போகிறது.

கணக்கு எளிது, 100 கிலோ எருவுக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா. மாடிக்கு 10 கிலோ எரு, 1 கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூள், 100 கிராம் டிரைக்கோடெர்மா போதும்.

எரு நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். மாதவரம் பால்பண்ணைப் பக்கமோ தெருவில் மாடு வைத்திருப்பவரிடமோ வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தால் இன்னும் மக்கவில்லை, அந்தச் சூட்டில் டிரைக்கோடெர்மா வெந்துவிடும். சாணி வாடை அடித்தாலும் அப்படித்தான். மண் வாடையோடு, கறுப்பாக, உதிரியாக இருக்க வேண்டும். எரு கிடைக்காவிட்டால் மண்புழு உரத்தில் செய்யலாம். தேங்காய் நார்க்கழிவில் மட்டும் செய்தால் அவ்வளவாகப் பிடிக்காது, அதில் சாப்பாடு குறைவு.

நிழலில் ஒரு சாக்கை விரித்து எருவையும் புண்ணாக்கையும் கலந்து, பவுடரைத் தூவிப் புரட்டுங்கள். தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்துத் தெளித்தால் வேகமாகப் பரவும். இங்கே ஒரு சங்கதி: குடிநீர் வாரியத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, குளோரின் போட்டுத்தான் வரும். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் நம் வித்தையும் சும்மா விடாது. வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கலந்த எருவைக் குவித்து, ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். 7 நாளில் பயன்படுத்தலாம், 15 நாள் விட்டால் இன்னும் நன்றாகப் பரவியிருக்கும். மேலே அங்கங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. நாற்றம் எடுத்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, பரப்பி ஆறவிட வேண்டும்.

தொட்டி மண் கலக்கும்போது ஒவ்வொரு பைக்கும் இரண்டு மூன்று கைப்பிடி சேருங்கள். ஏற்கெனவே செடி இருக்கும் பை என்றால் மேல்மண்ணை லேசாகக் கிளறி, ஒரு கைப்பிடி போட்டு, மண்ணால் மூடி, தண்ணீர் விட வேண்டும். மேலே திறந்து கிடந்தால் வெயிலில் செத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போடலாம். நூற்புழு உள்ள மண் என்றால் இதே முறையில் பேசிலோமைசிஸையும் எருவில் ஏற்றிப் போடலாம்.

படி 4: விதையும் நாற்றும்

விதை நேர்த்திக்கு 1 கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. நாம் போடுவது அரை ஸ்பூன் கத்தரி விதை, அதற்கு ஒரு சிட்டிகை போதும். விதையில் ஆறிய சோற்றுக் கஞ்சி ஒரு துளி விட்டு, பவுடரைத் தூவிப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்திவிட்டு விதையுங்கள். கடையில் வாங்கும் விதை ரோஸ் கலரில் வந்தால், அது பூஞ்சாணக் கொல்லி பூசிய விதை. அதன் மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசுவது வீண், மண்ணில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்று வாங்கி நடுபவர்கள் 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கரைத்து, வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்துவிட்டு நடலாம். கீரை போடுபவர்களுக்கு ஐப்பசி மழையில் சிறுகீரையும் அரைக்கீரையும் முளைத்த நாலாம் நாள் அடித்தண்டு நூலாகி வட்டம் வட்டமாகச் சாயும், அதுதான் நாற்றழுகல். விதைப்பதற்கு முன்பே எருவில் ஏற்றிய டிரைக்கோடெர்மாவைப் பாத்தியில் போட்டு, விதையை நெருக்கிக் கொட்டாமல் தூவினால் பெருமளவு தப்பிக்கலாம். சாய ஆரம்பித்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

படி 5: பூச்சிக்குத் தெளிப்பது

பிவேரியாவும் வெர்டிசீலியமும் பூச்சியின் வயிற்றுக்குள் போக வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டும், ஈரம் கிடைத்தால் முளைக்கும், தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போகும், ரத்தத்தில் பெருகும். பூச்சி அந்த இலையைத் தின்றதா இல்லையா என்பது இங்கே கணக்கே இல்லை, அதனால்தான் சாறு உறிஞ்சிகளுக்கும் வேலை செய்கிறது. இதிலிருந்தே தெளிக்கும் முறை புரிந்துவிடும்: இலைக்கு மட்டும் பட்டால் பெரிய பயன் இல்லை, பூச்சியின் மேலேயே பட வேண்டும். அவை இருப்பதெல்லாம் இலைக்கு அடியில், கணுவில், குருத்துக்குள்.

பொதுவான அளவு லிட்டருக்கு 5 கிராம் (திரவமாக இருந்தால் 5 மில்லி), பாக்கெட்டில் வேறு மாதிரி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஸ்பூன் கணக்கை நம்பாமல் கிச்சன் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். டால்க் அடியில் தங்கிவிடும், வித்து தண்ணீரோடு இறங்கிவிடும். அந்த வண்டலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை பிழிந்து எடுத்துக்கொள்ளலாம். ஒட்டுவதற்குக் காதி சோப்புக் கரைசல் லிட்டருக்கு ஓரிரு மில்லி. துணி சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் திரவம் எல்லாம் வேண்டாம்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் அடியுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் சில மணி நேரத்திலேயே வித்தைக் கொன்றுவிடும். இந்த விஷயத்தில் கடலோரத்தில் இருப்பது நமக்கு வசதி. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிட்டால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் இரவு முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும், நமக்கு வேர்த்துக் கொட்டும் அதே புழுக்கம்தான் வித்து முளைக்கத் தேவை. தெளித்த அன்று ராத்திரி மழை வந்து அடித்துப் போனால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு மட்டும் முன்வேலை உண்டு. அதன் மேல் இருக்கும் மெழுகு மாதிரிப் பஞ்சு வித்தை உள்ளே விடாது. முதல் நாள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மொத்தமாக மூடிய கிளைகளை வெட்டி எடுத்துவிட்டு, அடுத்த நாள் சாயங்காலம் வெர்டிசீலியம் அடியுங்கள். பஞ்சு இல்லாத குஞ்சுப் பூச்சிகள்தான் நம் இலக்கு. முட்டை பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது அடிக்க வேண்டும். அப்புறம், எறும்பு. மாவுப்பூச்சி விடும் தேனுக்காக எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுச் செடியில் குடி வைக்கும், அதைத் தின்ன வரும் நல்ல பூச்சிகளையும் விரட்டும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் எத்தனை தடவை அடித்தாலும் மறுபடி வரும். தொட்டியை ஸ்டாண்டில் வைத்து, ஸ்டாண்டு காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாம். கொசு முட்டையிடாமல் அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

கைத்தெளிப்பான் தனியாக இருக்கட்டும். முன்பு பூஞ்சாணக் கொல்லி அடித்த தெளிப்பானில் இதை ஊற்றாதீர்கள். மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா இருப்பவர்களும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. பூவில் தேனீ இருக்கும் நேரத்தில் அடிக்க வேண்டாம், பொறிவண்டு நிறைய இருக்கும் செடியையும் விட்டுவிடுங்கள், அது அசுவினி மாதிரிப் பூச்சிகளைத் தின்னும், நம் கட்சி.

படி 6: பொறுமை, அதாவது ஒரு வாரம்

முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் தெரியாது. பூச்சி நடமாடும், நமக்குக் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் வேறு மருந்தை எடுத்து அடித்துவிட்டு, பூச்சி செத்தது எதனால் என்றே தெரியாமல் போய்விடுகிறது. மூன்றாம் நாளுக்கு மேல் பூச்சி மந்தமாகும், தின்பதைக் குறைக்கும். 5 முதல் 7 நாளில் சாக ஆரம்பிக்கும், குளிர்ந்த நாட்களில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். செத்த பூச்சி கீழே விழாமல் இலையிலேயே ஒட்டிக் காய்ந்து நிற்கலாம்.

பூஞ்சையால்தான் செத்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. செத்த புழுவை ஈர டிஷ்யூ பேப்பர் மேல் வைத்து ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் உடல் மடிப்புகளிலிருந்து வெள்ளைப் பஞ்சு கிளம்பினால் பிவேரியா. வெள்ளையாக ஆரம்பித்துப் பச்சையாக மாறினால் மெட்டாரைசியம். இந்தப் பச்சை நோயைத்தான் 1879-ல் ஒடெஸாவில் (இன்றைய உக்ரைன்) மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி கோதுமை வண்டின் புழுக்களில் பார்த்து, பூச்சியை அடக்க இதையே பயன்படுத்தலாமே என்று யோசித்தார்.

எதோடு எதைச் சேர்க்கக் கூடாது

காப்பர் ஆக்சிகுளோரைடு, கார்பன்டாசிம், மேன்கோசெப், போர்டோ கலவை, கந்தகம் எல்லாம் பூஞ்சையைக் கொல்வதற்கென்றே செய்தவை. அவற்றுக்கும் இவற்றுக்கும் நடுவில் 10 முதல் 15 நாள் இடைவெளி வேண்டும். கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் டிரைக்கோடெர்மாவையும் காப்பரையும் ஒரே வாளியில் கலந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். வேப்பெண்ணெயும் அளவு கூடினால் வித்து முளைப்பதைத் தடுக்கும், ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று மாற்றி மாற்றி அடியுங்கள். சூடோமோனஸ் சில பூஞ்சைகளை எதிர்க்கும், அதனால் அதைத் தனி நாளில் கொடுத்துவிடலாம். மீன் அமிலம், பஞ்சகவ்யம் எல்லாம் கொடுக்கலாம், தெளிக்கும் கரைசலில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் கவனிக்க: காளானும் பூஞ்சைதான், டிரைக்கோடெர்மா அதையும் தின்னும். காளான் படுக்கையில் வரும் பச்சைப் பூசணம் இதே குடும்பம். எரு கலக்கும் இடமும் காளான் அறையும் எட்ட எட்ட இருக்கட்டும், அந்தக் கையோடு, அந்தச் சட்டையோடு உள்ளே போகாதீர்கள்.

எந்த மாதத்தில் என்ன

ஆடிப் பட்டத்துக்கு விதைப்பதற்கு முன், ஆனி கடைசியிலேயே எருவில் டிரைக்கோடெர்மாவை ஏற்றிவிடுங்கள். ஆவணி முதல் தை வரை பூச்சிப் பூஞ்சைகளுக்கு நல்ல காலம். மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் முதல் வேலை வடிகால்தான், தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருந்தால் எந்தப் பூஞ்சையும் வேரைக் காப்பாற்றாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தளம் கொதிக்கும்போது தெளிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான வகைகள் வளர்வதை நிறுத்திவிடும். கட்டாயம் அடிக்க வேண்டும் என்றால் பச்சை வலைக்குக் கீழே, இருட்டும் நேரத்தில்.

கொஞ்சம் பெரிய இடம் வைத்திருப்பவர்களுக்கு

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வேர்க்கடலை, காய்கறி போடுபவர்களுக்கு ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா, 20 முதல் 25 கிலோ மக்கிய எருவில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவ வேண்டும். காய்ந்த மண்ணில் தூவிவிட்டு மழைக்குக் காத்திருக்காதீர்கள். தென்னை இருந்தால் எருக்குழியைக் கவனியுங்கள், காண்டாமிருக வண்டு அங்கேதான் முட்டையிட்டுப் புழுவாக வளர்கிறது. மெட்டாரைசியத்தை அந்தக் குழியில் கலந்து ஈரமாக வைத்தால் மரத்தில் ஏறும் முன்பே பிடித்துவிடலாம்.

தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருளாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தால் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டார்கள், இப்போது சென்னையில் வீட்டுத் தென்னையிலும் கொய்யாவிலும்கூட இருக்கிறது. இதற்கு ஐசேரியா ஃப்யூமோசோரோசியா என்ற பூஞ்சையைப் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் பரிந்துரைக்கிறது. மரம் உயரம் என்றால் விசைத்தெளிப்பான் வேண்டும். ரசாயனம் மட்டும் அடித்துவிடாதீர்கள், இந்த ஈயை இயற்கையாகவே அழித்துக்கொண்டிருக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி முதலில் செத்துப்போகும்.

பழைய மண்ணை என்ன செய்வது

ஒரு பருவம் முடிந்ததும் தொட்டி மண்ணைக் கொட்டிவிடத் தேவையில்லை. வேர்களைப் பொறுக்கி எடுத்து, முடிச்சு இருக்கும் வேரை மட்டும் குப்பையில் போட்டுவிட்டு, மண்ணைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிச் சித்திரை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அந்தச் சூட்டில் கெட்டதோடு நல்லதும் செத்துவிடும், ஆகவே அள்ளியதும் பத்துக்கு ஒரு பங்கு டிரைக்கோடெர்மா ஏற்றிய எருவைக் கலந்து, ஈரமாக்கி, நிழலில் இரண்டு வாரம் மூடி வைத்து, அப்புறம் நடலாம். பாக்டீரியா வாடல் வந்த மண்ணுக்கு இது பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் புகுந்ததே, அந்த மாதிரி எண்ணெய் ஊறிய மண்ணையும் காய்கறிக்குத் திருப்ப முடியாது, அதில் பவுடரைப் போட்டுப் பாக்கெட்டை வீணாக்க வேண்டாம்.